ஐம்பது நிமிடம் என்ன பேசுவோம்?

"மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, வெறும் பேச்சுதானே? அதை நாங்களே வீட்ல உக்காந்து பேசிக்க மாட்டோமா?"

முதல்முறை வருகிறவர்களோடு துணைக்கு வரும் மாமாக்களும் சித்தப்பாக்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பஸ் செலவு, ஒருநாள் சம்பளம், ஃபீஸ் எல்லாவற்றையும் போட்டு வருகிறவருக்கு, உள்ளே அந்த ஐம்பது நிமிடம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. மதுரையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். வாசலில் நின்றபடி இரண்டு வரியில் இதற்குப் பதில் சொன்னால் அது அரைகுறையாகத்தான் இருக்கும். அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநலத்தில் எம்.டி. படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. நான் உளவியலில் முதுகலை முடித்து, அதன்பின் இரண்டு வருடம் மருத்துவமனையிலேயே கிடந்து எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி படித்தவள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தபிறகுதான் இந்தத் தொழிலைச் செய்யலாம். மருந்து எழுதும் அதிகாரம் எனக்குக் கிடையாது. மனச்சிதைவு, பைபோலார் போன்ற நோய்களுக்கு மருந்து கட்டாயம் வேண்டும். அவற்றைப் பேசியே குணமாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இனி ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பல பேரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒரே ஆளாக்கியிருக்கிறேன். என்னிடம் வந்த எவரையும் இதில் அடையாளம் காண முடியாது.

பஸ் கண்டக்டர், நாற்பதைத் தாண்டியவர். முகூர்த்த நாள், நிற்க இடமில்லாத கூட்டம், உச்சிவெயில். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, தொண்டையை யாரோ பிடித்ததுபோல் மூச்சு முட்டுகிறது. வண்டியை ஓரங்கட்டி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். ஈசிஜி நார்மல். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. எக்கோ, டிரெட்மில், தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். வீட்டில் மந்திரித்துத் தாயத்தும் கட்டியாயிற்று. கடைசியில் இதய மருத்துவரே என்னிடம் அனுப்பினார்.

உட்கார்ந்ததும் அவர் கேட்டது இது: "எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்கிறாங்க. ஒண்ணுமில்லன்னா எனக்கு ஏன் மேடம் இப்படி வருது?"

இந்தக் கேள்வியை மதிப்பதில்தான் என் வேலை தொடங்குகிறது. அவருக்கு வருவது நிஜம். நெஞ்சு நிஜமாகவே அடிக்கிறது, விரல் நிஜமாகவே மரக்கிறது. "மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று ஏற்கனவே பத்து பேர் சொல்லியிருப்பார்கள். அதையே பதினோராவது ஆளாக நானும் சொல்லி என்ன பயன்?

அதனால் கேட்கத் தொடங்குகிறேன். கடைசியாக வந்தது எப்போது? பஸ் எந்த இடத்தில் போய்க்கொண்டிருந்தது? கையில் என்ன இருந்தது? உடம்பில் முதலில் தெரிந்தது எது? அது தெரிந்த நொடியில் மனதில் என்ன ஓடியது? அரை நிமிடத்தில் நடந்து முடிந்ததை அரை மணி நேரம் எடுத்து, நொடி நொடியாகப் பிரித்துப் பார்ப்போம். அந்தக் கடைசிக் கேள்வியில் அவர் சற்று நிறுத்தினார். "போன வருஷம் எங்க டெப்போ டிரைவர் ஒருத்தர் ஸ்டியரிங்ல சாஞ்சபடியே போயிட்டார் மேடம். எனக்கும் அப்படித்தான் ஆகப்போகுதுன்னு தோணுச்சு." அதுவரை பார்த்த எல்லா இடத்திலும் வலி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். என்ன நினைத்தீர்கள் என்று கேட்கவில்லை.

பேனாவை எடுத்து ஒரு தாளில் வட்டம் போட்டோம். வெயில், நெரிசல், காலையில் வெறும் வயிற்றில் குடித்த டீ. இவற்றால் நெஞ்சுத்துடிப்பு கொஞ்சம் கூடுகிறது. மனம் அதை மாரடைப்பு என்று படிக்கிறது. உடனே பயம். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், துடிப்பு இன்னும் கூடும், மூச்சு வேகமாகும். அந்தத் துடிப்பு மாரடைப்புக்கு இன்னொரு சாட்சியாகிவிடுகிறது. டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1986-இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சுழலைத்தான் விளக்கினார். பேனிக் எனப்படும் இந்தத் திடீர்ப் பீதிக்கு இன்றும் உலகமெங்கும் தரும் சிகிச்சைக்கு அடிப்படையாக இருப்பவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் அவர் கட்டுரையில் இருக்கும் வட்டம் எனக்குப் போதாது. இந்த மனிதரின் வட்டத்தில் அந்த டிரைவரும் முகூர்த்தக் கூட்டமும் இருக்க வேண்டும், அதுவும் அவர் கையெழுத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி: "இது வராம இருக்க நீங்க என்னென்ன பண்றீங்க?" பட்டியல் நீண்டது. சட்டைப்பையில் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரை. எந்நேரமும் தண்ணீர் பாட்டில். கூட்டத்துக்குள் போகாமல் முன் படிக்கட்டு அருகிலேயே நிற்பது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நாடி பிடித்துப் பார்ப்பது. முகூர்த்த நாளில் லீவு. வீட்டிலிருந்து மனைவி மணிக்கொருமுறை போன் செய்து, "நெஞ்சு எப்படிங்க இருக்கு?" என்று கேட்பது.

இவை எல்லாமே தற்காப்புக்குச் செய்தவை, பயத்தை உயிரோடு வைத்திருந்ததும் இவைதான். மாத்திரை பையில் இருந்ததால்தான் தப்பித்தேன் என்று அவர் நம்புகிறார். அது இல்லாமலும் தப்பித்திருப்பார் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே அமையவில்லை. நாடி பிடித்துப் பார்க்கும் விரலுக்கு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கூடுதலாகத்தான் தெரியும்.

இதை நான் விளக்கினால் தலையாட்டுவார். ஆனால் தலையாட்டுகிறவர் மறுநாள் பஸ்ஸில் ஏறினால் அதே பயம்தான். அதனால் சோதித்துப் பார்ப்போம். இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆஸ்துமா இல்லை, வலிப்பு இல்லை. இவற்றை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் இந்தச் சோதனையைச் செய்வேன். வீட்டில் தனியாக யாரும் முயல வேண்டாம். ஒரு நிமிடம் வேகவேகமாக, ஆழமாக மூச்சு விட வேண்டும். நானும் கூடவே விடுவேன். அதற்குமுன் என்ன ஆகும் என்று அவர் எழுதிக்கொடுக்க வேண்டும். "மயங்கி விழுவேன்" என்று எழுதினார்.

அரை நிமிடம் கடந்ததும் கையைப் பார்த்தார். "இதேதான் மேடம்! இதே மதமதப்பு!" எனக்கும் கை மரத்திருந்தது, தலை சுற்றியது. வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், அதனால் தலை கிறுகிறுக்கும், விரல் மரக்கும். எவருக்கும் அப்படித்தான். மயக்கமா? மயங்கி விழப் பொதுவாக இரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பயத்தில் அது ஏறுகிறது. அவர் விழவில்லை. எழுதிக்கொடுத்த தாளை எடுத்துத் தானே படித்துப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அதன்பின் வாரத்துக்கு வாரம் வேலை அறையைவிட்டு வெளியே போனது. மாடிப்படி ஏறி இறங்கி நெஞ்சைத் துடிக்கவிட்டு, நாடி பார்க்காமல் நிற்பது. தண்ணீர் பாட்டிலை டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்படிக்கட்டு வரை போய் டிக்கெட் கொடுப்பது. மாத்திரையை முதலில் பையிலிருந்து பெட்டிக்கு மாற்றி, பிறகு வீட்டிலேயே விட்டுவருவது. மனைவியையும் ஒருநாள் வரச்சொன்னேன். அன்பால்தான் போன் செய்கிறார். ஆனால் ஒவ்வொரு அழைப்பும் அவருக்கு நெஞ்சை ஞாபகப்படுத்துகிறது. "நெஞ்சைப் பத்திக் கேக்காதீங்கம்மா, சாப்டாச்சான்னு கேளுங்க" என்று மூவரும் பேசி முடிவெடுத்தோம்.

முகூர்த்த நாள் டூட்டிக்கு அவரே பெயர் கொடுத்துப் போனார். அன்றைக்கும் வந்தது. "வந்துச்சு மேடம். வரட்டும்னு டிக்கெட் குடுத்துட்டே இருந்தேன். ரெண்டு ஸ்டாப்புல போயிடுச்சு." பேனிக்குக்கு இந்த மாதிரி சிகிச்சை மொத்தமாக 7 முதல் 14 மணி நேரம் போதும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு வழிகாட்டுகிறது. வாரம் ஒருமுறை என்றால் மூன்று மாதத்தை ஒட்டி வரும். வருடக்கணக்கில் நாற்காலியில் சாய்ந்து பேசிக்கொண்டே இருப்பது என்று சினிமா பார்த்து நினைத்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

வெறும் பேச்சு மட்டும் போதாது என்ற பாடம் இந்தத் தொழிலின் தொடக்கக் கதையிலேயே இருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில், வியன்னாவில் யோசஃப் பிராயர் என்ற மருத்துவரிடம் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண் சிகிச்சைக்கு வந்தார். மனதில் அடைத்திருந்ததைச் சொல்லச் சொல்ல அறிகுறிகள் குறைவதைக் கண்டு, 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தவரே அந்தப் பெண்தான். பிராயரும் ஃபிராய்டும் 1895-இல் வெளியிட்ட நூலில் அவர் ஆன்னா ஓ. என்ற பெயரில் வருகிறார். அவர் குணமடைந்ததாகத்தான் நூல் சொல்லும். ஆனால் பிராயரின் சிகிச்சை முடிந்ததும் 1882-இல் அவரைச் சுவிட்சர்லாந்தில் ஒரு சானடோரியத்தில் சேர்த்திருந்தார்கள் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களோடு கண்டுபிடித்தார்கள். பிற்பாடு அவர் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்காக ஒரு பெரிய சங்கத்தையே நிறுவினார். எனக்கு அவர்மேல் அளவற்ற மரியாதை. மனதில் இருப்பதைக் கொட்டுவது பாரத்தை இறக்கும். ஆனால் அது மட்டுமே பலருக்குப் போதாது என்பதற்கு முதல் நோயாளியே சான்று.

பேச்சை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஆரன் பெக் முக்கியமானவர். ஃபிராய்டு வழியில் பயின்ற அமெரிக்க மனநல மருத்துவர். மனச்சோர்வில் இருப்பவர்களின் உள்ளே 'நான் எதுக்கும் லாயக்கில்லை', 'இனி எதுவும் மாறாது' என்று தானாக ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணங்களை 1960-களில் கவனித்தார். அவற்றை வெளியே எடுத்து, ஆதாரம் என்ன என்று நோயாளியோடு சேர்ந்து பரிசோதிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். நூறு வயது வாழ்ந்து 2021-இல்தான் மறைந்தார். அதே நாட்டின் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ், தீர்ப்பு சொல்லாமல் ஒருவர் உண்மையாகக் கேட்பதே குணமாக்கும் என்று நம்பினார். என் அறையில் இருவருக்கும் இடம் உண்டு. ராஜர்ஸ் சொன்னதுபோல் கேட்கப்பட்டால்தான் பெக் கேட்கச் சொன்ன கேள்வியை ஒருவரால் தாங்க முடியும்.

எல்லோருக்கும் ஒரே மருந்து என்பது இங்கே நடக்காது. மனச்சோர்வில் படுத்திருப்பவரிடம் எண்ணத்தை ஆராயலாம் வாங்க என்றால் அவருக்கு அதற்குத் தெம்பே இருக்காது. மனசு சரியானதும் எழுந்திருக்கிறேன் என்பார். நாங்கள் வேறு முனையில் தொடங்குவோம். தையல் கடையைப் பூட்டிவிட்டவர் நாளைக்கு ஷட்டரை மட்டும் தூக்கிப் பத்து நிமிடம் உட்கார வேண்டும். மிஷினை மிதிக்க வேண்டாம். மறுவாரம் ஒரே ஒரு பட்டன். உடம்பு அசைந்தால் மனம் பின்னால் வரும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் அது பலிக்கிறது என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இது கற்றுக்கொடுக்கக்கூடிய திறன், நகரத்து ஏசி அறைக்குள் அடைத்து வைக்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. சன்னதியில் கண்மூடி நிற்கும்போது சாமியைப் பற்றியே அசிங்கமான எண்ணம் ஒன்று குறுக்கே வரும். அல்லது பெற்ற குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவோமோ என்று வரும். பதறிப்போய் நூற்றெட்டு முறை மந்திரம் சொல்வார்கள், கத்தியை ஒளித்து வைப்பார்கள், கோயிலுக்குப் போவதையே நிறுத்துவார்கள். கணவனிடம்கூடச் சொல்லாமல் வருடக்கணக்கில் நான் பாவி என்று தனக்குள் அழுதுகொண்டிருப்பவர்கள் இவர்கள். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு முகம் இது. 1978-இல் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையிலிருந்து லண்டன் போய்ப் பணியாற்றிய பத்மல் டி சில்வாவும், எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர் தங்களுக்கும் இப்படி வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. சிலர் அதை ஆசை என்று தவறாக நினைத்து அதனோடு மல்லுக்கட்டத் தொடங்குகிறார்கள், அங்கேதான் நோய் ஆரம்பிக்கிறது. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் உடைந்து அழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிகிச்சை என்னவோ கடினமானதுதான். எண்ணம் வரும்போது மந்திரம் சொல்லாமல், கத்தியை ஒளிக்காமல், பதற்றம் தானாக இறங்கும்வரை இருந்து பழக வேண்டும். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் தொடங்கிவைத்த வழி அது. அழுத அதே பெண் இரண்டு மாதம் கழித்துக் கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்கினேன் என்று வந்து சொல்வார்.

இனி குடும்பம். இதைப் பற்றி வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் அதிகம் இருக்காது. நம் ஊரில் தனியாக வருகிறவர் குறைவு. "நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறா, நீங்க சொல்லிப் புரிய வைங்க மேடம்" என்று அம்மா பெண்ணைக் கூட்டி வருவார். அந்த வரியிலேயே நான் யார் பக்கம் என்பது முடிவாகிவிட்டதாகப் பெண் நினைத்துக்கொள்வாள். அதனால் முதல் நாளே இருவரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவேன்: பாப்பா இங்கே பேசுவது அவளுக்கும் எனக்கும் இடையே இருக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்த இரகசியத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது. விதிவிலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். மற்றபடி, கதவைத் திறந்ததும் "என்னம்மா சொன்னா?" என்று அம்மா கேட்டால், உள்ளே இருக்கும்போதே அவளோடு பேசி முடிவு செய்ததை மட்டும் சொல்வேன். சில அம்மாக்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு அடியில் பயம் இருக்கிறது, அதற்கும் நேரம் ஒதுக்குவேன். சில சமயம் மகளைவிட அம்மாவுக்குத்தான் முதலில் பேச ஆள் தேவைப்படுகிறது.

"செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று நேராகக் கேட்பேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகாதா என்று உறவினர்கள் பதறுவார்கள். ஆகாது. ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பலருக்கு ஆறுதல். ஆம் என்றால் அடுத்த கேள்வி, எப்படி என்று நினைத்திருக்கிறீர்கள் என்பது. கிராமத்திலிருந்து வருகிறவர் என்றால் வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்பேன். யார் எடுத்து எங்கே பூட்டுவது என்று அப்போதே பெயர் குறித்து எழுதிக்கொள்வோம். 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. சாக வேண்டும் என்ற வேகம் வரும் அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டவைத்தாலே பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள்.

தெரபியால் ஆகாதவையும் உண்டு. புருஷன் தினமும் அடிக்கிறான், இவளுக்குப் பொறுமையாக இருக்கக் கற்றுக்கொடுங்கள் என்று மாமியார் கூட்டி வந்தால், அந்தப் பாடத்தை நான் எடுக்க மாட்டேன். அவளுக்குத் தேவை பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலர், இவர்களிடம் அவளை அனுப்புவதுதான் அன்றைய சிகிச்சை. கந்துவட்டிக் கடனில் தூக்கம் போனவரின் கடனும் என் கேள்விகளால் குறையப்போவதில்லை. துன்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், தாங்கிக்கொள்ளச் சொல்லித் தரும் பேச்சை நான் சிகிச்சை என்று ஏற்க மாட்டேன்.

யாரிடம் போவது என்று கேட்கிறவர்களுக்கு: மறுவாழ்வு கவுன்சிலின் இணையதளத்தில் பதிவுபெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயரைத் தேடிப் பாருங்கள், அல்லது பதிவு எண்ணை நேரிலேயே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் வேண்டாம். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. உடனே பேச ஆள் வேண்டும் என்றால் 2022 முதல் இயங்கும் அரசு மனநல உதவி அழைப்பு டெலி மானஸ், எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

முதல் சந்திப்பில் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: என் பிரச்சினை பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எந்த முறையில் போகப்போகிறோம், குறைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வோம். நாலைந்து வாரம் போயும் அவரிடம் மனம் ஒட்டவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். சொன்னபிறகு பல நேரம் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் வேறொருவரிடம் போகலாம். என்னிடமிருந்து போகிறவர் எழுதிக் கேட்டால், இதுவரை செய்ததன் குறிப்பைப் புதியவருக்கு அனுப்பிவைப்பேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லி அழ வேண்டியிருக்காது.